துடிப்பு வலு மாநாடும் உங்கள் மகனும்: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, கிளிநொச்சி அறிவியல்நகரில் மின் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கும் மகனின் துடிப்பு வலு ஆய்வுச் சுருக்கம் வெளிநாட்டு மாநாடொன்றில் ஏற்கப்பட்டிருக்கிறது. காணியை ஈடு வைத்தாவது அனுப்புவதா, இந்தத் துறையில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். காணியில் கை வைக்காதீர்கள். அதற்காகப் பிள்ளையை உடனே மறிக்கவும் வேண்டாம்.

கொள்ளளவியில் (மின்னைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஆறுதலாகச் சக்தியைச் சேர்த்து, நொடியின் மிகச் சிறு பங்கில் கொட்டிவிடுவதுதான் துடிப்பு வலு. 100 மைக்ரோபரட் கொள்ளளவியை 2000 வோல்ற்றுக்கு ஏற்றினால் அதில் 200 யூல் இருக்கும். 60 வாற் குமிழ் நாலு செக்கன் எரியக்கூட அது காணாது. அதையே 10 மைக்ரோசெக்கனில் விட்டால் 20 மெகாவாற்! சிறுநீரகக் கல்லை உடைக்கும் இயந்திரம், ராடார், துகள் முடுக்கி எல்லாம் இந்த வித்தையில்தான் ஓடுகின்றன.

இலங்கையில் இந்தப் பெயரிலேயே வேலை தேடினால் அரிது. ஆனால் உயர் மின்னழுத்தக் காவலிடல், இடிமின்னல் பாதுகாப்பு, வலு இலத்திரனியல் மூன்றுக்கும் இதே அறிவுதான் அடித்தளம். மின் பொறியியல் பட்டத்தை முதலாகவும் இதை மேற்படிப்புக்கான வழியாகவும் வைப்பதே எங்கள் எண்ணம்.

மாநாடு உண்மையானதா என்று பாருங்கள். ஐஇஇஇ (IEEE) என்னும் மின், இலத்திரனியல் பொறியியலாளர் அமைப்பின் துடிப்பு வலு மாநாடு 1976இல் அமெரிக்காவின் லபக் நகரில் தொடங்கியது. அப்படிப் பழைய மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்புகள் தேடினால் கிடைக்க வேண்டும். அனுப்பி இரண்டு நாளில் ஏற்பு, எல்லாத் துறைக்கும் ஒரே மேடை, தனியாள் வங்கிக் கணக்குக்குப் பணம் என்றால் விட்டுவிடுங்கள்.

காசு கட்ட முதல் மூன்று விஷயம். மாணவர் பயண உதவித்தொகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் முடிவுத் திகதி பதிவுத் திகதிக்கு முந்தியே முடிந்துவிடலாம். சில இடங்களில் செலவழித்த பிறகுதான் தருவார்கள், ஆகவே கைமாற்றுக்கு வழி வேண்டும். அழைப்புக் கடிதம் வந்த கையோடு விசாவுக்கு நாள் எடுக்க வேண்டும். நேர்முகத்துக்குக் கொழும்பு போய்வர இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். விசா மறுக்கப்பட்டால் பதிவுப் பணம் திரும்புமா, இணையவழியில் வாசிக்கலாமா என்று எழுத்தில் கேட்டு வைக்கட்டும்.

ஆய்வில் பிழை வரும் இடம் பெரும்பாலும் அளவீடு. 10 சென்றிமீற்றர் மேலதிக வயரின் தூண்டல் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) ஏறக்குறைய 100 நனோஹென்றி. மின்னோட்டம் மைக்ரோசெக்கனுக்கு 1000 அம்பியர் ஏறும்போது அதில் மட்டும் 100 வோல்ற் பிறக்கும். அலைகாட்டியில் (மின்னழுத்தத்தை வரைந்து காட்டும் கருவி) தெரிவது சுற்றின் அழுத்தமா, வயரின் அழுத்தமா? மாநாட்டில் இதைத்தான் கேட்பார்கள். படத்தில் வயர் நீளத்தையும் நிலத்தொடுப்பையும் காட்டினால் பாதிக் கேள்வி அடங்கும்.

இனிச் சொல்வதை மகனுக்குக் கட்டாயம் வாசித்துக் காட்டுங்கள். ஆளி நிறுத்தியாலும் கொள்ளளவி மின்னோடு உயிரோடு இருக்கும். மேலே சொன்ன 200 யூல், இதய அதிர்ச்சிக் கருவி கொடுக்கும் அளவு. சேர்ந்த மின்னை மெல்ல வடிய விடும் 1 மெகாஓம் வடிதடை போட்டால் அழுத்தம் 14 வோல்ற்றுக்கு இறங்க 8 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்தத் தடை உள்ளே அறுந்தாலோ வெளியில் ஒன்றும் தெரியாது. அதனால் அழுத்தத்தை அளந்து, காவலிட்ட கைபிடியுள்ள கோலால் தடையூடாக இறக்கி, பிறகு முனைகளைக் கம்பியால் இணைத்தே விட வேண்டும். இணைக்காமல் விட்டால் கொள்ளளவிக்குள் உள்ள மின்கடத்தாப் பொருளில் தேங்கியதால் அழுத்தம் திரும்ப ஏறும். தனியாக ஒருநாளும் செய்யக்கூடாது. வீட்டில், பழைய மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்றிச் செய்து பார்ப்பது அறவே வேண்டாம், அம்மா. அந்த மின்மாற்றி ஆளைக் கொல்லும்.

வருகிற கிழமை மேற்பார்வையாளரைச் சந்தித்து, முழுக் கட்டுரைக்குத் தேவையான அளவீடுகள் கையில் இருக்கின்றனவா என்று மகன் கேட்கட்டும். இல்லையென்றால் இந்த முறை விட்டு, அடுத்த மாநாட்டுக்கு ஆயத்தப்படுத்தலாம்.