இசை கேள்வி-பதில்: ஓர் அறைக்குள் ஒரு வாத்தியக்குழு

கேள்வி: ஜப்பானியப் பாடகர் ஷூகோ டோகுமாரு நூற்றுக்கும் மேற்பட்ட இசைக்கருவிகளை வாசிப்பவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகளில் படித்தேன். ஒரு மனிதருக்கு இது இயலுமா, அல்லது விளம்பரத்துக்காகச் சொல்லப்படுவதா?
வாசகர், கும்பகோணம்

பதில்: எண்ணிக்கையைக் கேட்டதும் உங்களுக்கு ஐயம் எழுந்தது இயல்பே. நூறு கருவிகளிலும் தனிக்கச்சேரி செய்யுமளவுக்குத் தேர்ச்சி என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. 1980இல் டோக்கியோவில் பிறந்த டோகுமாருவின் முதன்மைக் கருவி கிதார்தான். இளம் வயதில் சில காலம் அமெரிக்காவில் தங்கி ஜாஸ் வாசித்துப் பழகியவர் அவர். விரல்களால் கம்பிகளைச் சுண்டி விரைந்து வாசிக்கும் அந்தக் கிதாரின் மீதுதான் பெரும்பாலான பாடல்கள் எழும்புகின்றன. பொம்மைப் பியானோ, உகுலேலே, பான்ஜோ, அக்கார்டியன், ஊதியபடி கட்டைகளை அழுத்தி வாசிக்கும் மெலோடிகா, உலோகத் துண்டுகளைத் தட்டி வாசிக்கும் குளோக்கன்ஸ்பீல் முதலியவை அதைச் சுற்றி வந்து, சில வேளைகளில் நாலைந்து சுரங்களை மட்டும் ஒலித்துவிட்டு விலகிவிடுகின்றன.

அந்த நாலைந்து சுரங்களை எங்கே வைப்பது என்று அறிவதில்தான் அவருடைய கலை இருப்பதாக நான் கருதுகிறேன். பொம்மைப் பியானோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கம்பிகள் இல்லை. சிறு சுத்திகள் உலோகத் துண்டுகளைத் தட்டுகின்றன. பெரிய பியானோவைப் போல் நாதம் நீண்டு ஒலிப்பதில்லை. மெலோடிகாவிலோ நம் ஆர்மோனியத்தைப் போல் காற்றில் ரீடுகள் அதிர்வதால், ஊதும் வரை சுரம் தொடர்ந்து நிற்கிறது. தெறித்து மறையும் ஒலியையும் தொடர்ந்து நிற்கும் ஒலியையும் இடமறிந்து சேர்த்தால், தனித்தனியே பதிவு செய்த இருபது ஒலித்தடங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாலும் பாடல் இரைச்சலாகாது. ஒவ்வொரு கருவியையும் தாமே வாசித்து, தாமே பதிவு செய்து, தாமே கலவையும் செய்யும் ஒருவருக்கே இந்த அளவு பொறுமை வாய்க்கும். மேடைக்கு வரும்போது இத்தனை ஒலிகளை இரண்டு கைகளால் எழுப்ப முடியாதென்பதால், அங்கே அவர் ஒரு குழுவுடன்தான் வாசிக்கிறார்.

கேள்வி: அவருடைய முதல் ஆல்பம் ஜப்பானில் அல்லாமல் அமெரிக்காவில் வெளியானது ஏன்? ஜப்பானிய மொழியில் பாடுபவரை வெளிநாட்டார் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?
வாசகி, திருநெல்வேலி

பதில்: நியூயார்க்கைச் சேர்ந்த மியூசிக் ரிலேட்டட் என்னும் சிறு நிறுவனம் 2004இல் வெளியிட்ட ‘நைட் பீஸ்’ அரை மணி நேரம்கூட ஓடாத ஆல்பம். பெரிய நிறுவனங்களின் ஆதரவு எதுவும் இல்லாமல், வீட்டில் பதிவு செய்ததைச் சிறு நிறுவனங்களின் வழியாக வெளியிடும் இண்டி வட்டத்தில், மொழியைவிட ஒலியே முதலில் கவனம் பெறும். அவர் ஆங்கிலத்துக்கு மாறாமல் ஜப்பானிய மொழியிலேயே பாடிவந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். அவர் தம் கனவுகளை நாட்குறிப்பாக எழுதி வைத்து, அதிலிருந்தே பாடல் வரிகளை உருவாக்குபவர். கனவில் காட்சிகள் காரணமின்றி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதைப் போலவே அவருடைய தாளமும் திடீரெனத் திசை மாறுகிறது. சொல் புரியாதவருக்கும் அந்தத் தாவல் புரிந்துவிடுகிறது.

அடுத்து வந்தவற்றில் 2007இன் ‘எக்சிட்’, 2010இன் ‘போர்ட் என்ட்ரோபி’, 2012இன் ‘இன் ஃபோகஸ்?’ ஆகியவை அவருக்கு ஜப்பானிலும் வெளியிலும் நிலையான இடத்தைத் தந்தன. இடையே இளமைக்கால நண்பர்களுடன் சேர்ந்து கெல்லர்ஸ் என்னும் ராக் குழுவிலும் வாசித்துவந்தார். அங்கே கேட்கும் முரட்டு கிதாருக்கும் தனிப்பாடல்களின் மென்மைக்கும் உள்ள தூரம் வியப்பளிப்பது. 2016இல் ‘டாஸ்’ வந்தது. நெடுங்காலம் கழித்து, 2024இல், ‘சாங் சிம்பயாசிஸ்’ வந்தது.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்?
வாசகர், வேலூர்

பதில்: ‘இன் ஃபோகஸ்?’ ஆல்பத்தில் உள்ள ‘கதாச்சி’ பாடலைக் காணொளியுடன் பாருங்கள். கதாச்சி என்றால் ஜப்பானிய மொழியில் வடிவம். போலந்தைச் சேர்ந்த கியெக், ஆதம்ஸ்கி என்னும் இருவர், பிளாஸ்டிக் தகடுகளில் ஏறத்தாழ 2,000 உருவங்களை வெட்டியெடுத்து, ஒவ்வொன்றாக வைத்துப் படமெடுத்து அதை உருவாக்கினார்கள். முந்தைய உருவம் அகற்றப்படாமல் அடுத்தது அதன் அருகில் நிற்பதால், அசைவு முழுவதும் ஒரு வண்ணச் சுவடாக நீண்டுகொண்டே போகிறது. பிறகு கண்ணை மூடி, காதில் ஹெட்போன் வைத்து, அதே பாடலை மீண்டும் கேளுங்கள். முதல் முறை காதில் விழாத ஒரு சிறு மணியொலியாவது இம்முறை தனியே பிரிந்து கேட்கும்.