குப்பியோவின் செரி ஓட்டம்: எங்கே நிற்பது, எதைக் கவனிப்பது?

கேள்வி: மே 15 அன்று இத்தாலியின் உம்பிரியா பகுதியில் உள்ள குப்பியோவில் இருப்போம். 68 வயது அம்மாவும் வருகிறார். செரி ஓட்டத்தை எங்கே நின்று பார்ப்பது? முந்துவது யார் என்று எப்படித் தெரியும்?

பதில்: யாரும் முந்த மாட்டார்கள். மூன்று புனிதர்களின் பெயரில் மூன்று அணிகள்: உபால்தோ முன்னே, ஜோர்ஜோ நடுவே, அந்தோனியோ கடைசியில். இந்த வரிசை மாறவே மாறாது. செரோ (பன்மையில் செரி) என்பது உச்சியில் புனிதர் சிலை வைத்த, 300 கிலோவை ஒட்டிய மரத்தூண். தண்டுச் சட்டத்தில் அதை நிறுத்தித் தோளில் சுமந்து, இங்கீனோ மலைமேல் உள்ள உபால்தோ கோயில்வரை 4 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார்கள். உபால்தோ அணிக்கு மஞ்சள் சட்டை, ஜோர்ஜோவுக்கு நீலம், அந்தோனியோவுக்குக் கறுப்பு.

கவனிக்க வேண்டியது தூண் சாய்கிறதா என்பதைத்தான். ஓட்டம் நிற்காமலே ஆள் மாறித் தோள் கொடுப்பார்கள். அந்த நொடியில் ஒருவர் தடுமாறினாலும் தூண் சாயும், சில சமயம் கீழேயே விழும். விழாமல் கொண்டுபோவதே பெருமை. மேலே போனதும் உபால்தோ அணியினர், பின்னால் வருபவர்கள் நுழையுமுன் கோயில் கதவைச் சாத்தப் பார்ப்பார்கள். இடைவெளி எவ்வளவு என்பது அங்கேதான் தெரியும்.

ஓட்டம் மாலை 6 மணிக்கு. தெருக்கள் குறுகல். திருப்பத்தின் வெளிப்பக்கம் நிற்கவே வேண்டாம். வேகத்தில் தூண் அந்தப் பக்கம்தான் தள்ளும். நண்பகலுக்குச் சற்று முன் பெரிய சதுக்கத்தில் தூண்களை நிமிர்த்துவார்கள். தண்ணீர்க் குடத்தைத் தூண்மேல் ஊற்றிவிட்டு வீசி உடைப்பார்கள். நற்பேறு என்று சில்லுக்குக் கூட்டம் பாயும். அம்மாவை அங்கே அழைத்துப் போகாதீர்கள். பிற்பகலில் தூண்களை நிதானமாக ஊர் சுற்றிக் கொண்டுவரும்போது காட்டுங்கள். அதுவே அவருக்கு ஏற்றது.

மறுநாள் கோயிலுக்கே போய்த் தூண்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அடுத்த மே முதல் ஞாயிறுவரை அவை அங்கேதான் இருக்கும். கோயிலுக்குக் கம்பிவடத்தில் போகும் கூண்டு நிற்காது. தரையிலுள்ள குறியில் நின்று, அது நகரும்போதே ஏற வேண்டும். ஊழியர் கைகொடுப்பார், ஆனாலும் முழங்கால் வலி உள்ளவருக்குக் கார்ப் பாதைதான் சரி.

ஊருக்குள் ரயில் கிடையாது. ஃபொஸ்ஸாத்தோ தி வீக்கோ நிலையத்தில் இறங்கினால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.