கட்டுப்போட்ட காலுக்கு எத்தனை வருட ஒப்பந்தம்?

வாசகர் கேள்வி – பதில்: கால்பந்து

“வருடத்தில் பாதி நாள் சிகிச்சையிலேயே கிடப்பவரை ஒரு கிளப் ஏன் கட்டி அழவேண்டும்?” இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி இதையே வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. அதனால் மற்ற கேள்விகளை ஒத்திவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில்.

நடுக்கள வீரர் அபு டியாபியை லண்டன் கிளப்பான ஆர்சனல் ஒன்பது வருடம் வைத்திருந்தது. அப்போதைய மேனேஜர் வெங்கரின் பாசத்தைத் தவிர இதற்கு வேறு காரணம் உண்டா? — வாசகர், நாகர்கோவில்

பாசம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் காயக்காரர்கள் விஷயத்தில் வெங்கர் ஒருமுறை தோற்றார், ஒருமுறை ஜெயித்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டியாபி வந்தது 2006 ஜனவரியில். மே 1-ஆம் தேதி சண்டர்லாந்து மைதானத்தில், ஆர்சனல் 3-0 என்று ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், ஒரு முரட்டுத் தடுப்பில் அவர் கணுக்கால் உடைந்தது. அதன்பின் கெண்டைக்கால், தொடை, மறுபடி கணுக்கால், 2013 மார்ச்சில் பயிற்சியின்போது முழங்காலைப் பிடித்து நிறுத்தும் ஏசிஎல் என்ற இணைப்புநார். எத்தனை காயம் என்று எண்ணுவதைவிட, காயம் இடம் மாறிக்கொண்டே போனதைக் கவனியுங்கள். கணுக்கால் முழுதாக மடங்காவிட்டால் குதித்து இறங்கும்போது பாரம் கெண்டைக்காலுக்கும் தொடைக்கும் ஏறும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது கிளம்பும். அடித்தளம் இறங்கிய வீட்டில் விரிசலுக்கு மட்டும் பூச்சு பூசுகிற கதைதான்.

2010 தொடக்கத்தில் ஆர்சனல் அவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுத்தது. அது அவருடைய மிகச் சிறந்த சீசனின் நடுப்பகுதி என்பதால், அன்றைக்கு யாரும் அதை முட்டாள்தனம் என்று சொல்லவில்லை. தப்பு நடந்தது ஒப்பந்தத்தின் நீளத்தில். 2013-14-இல் ஒரே ஒரு ஆட்டம், 2014-15-இலும் ஒன்றே. 2015 கோடையில் விடுவித்தார்கள்.

இனி ராபின் வான் பெர்சியைப் பாருங்கள். 2004-இல் வந்தார். 2007 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகக் கோலடித்த கொண்டாட்டத்திலேயே பாத எலும்பு முறிந்தது. 2009 நவம்பரில் தன் நாடான நெதர்லாந்துக்காக ஆடிய, இத்தாலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கணுக்கால் போய் மாதக்கணக்கில் வெளியே இருந்தார். ஏழு சீசனில் ஒன்றைக்கூட முழுதாக ஆடவில்லை. எட்டாவது சீசனான 2011-12-இல் 38 லீக் ஆட்டங்களிலும் இறங்கி 30 கோல் அடித்தார். அடுத்த கோடையில் ஏறக்குறைய 2.4 கோடி பவுண்டுக்கு யுனைடெட்டுக்குப் போனார். அங்கே போய் அவர்களுக்கு லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தது ஆர்சனல் ரசிகர்களின் தனி வயிற்றெரிச்சல்.

வான் பெர்சிக்கு வந்தவை பெரும்பாலும் மோதலாலும் விபத்தாலும் வந்தவை, ஆறினால் ஆறியதுதான். டியாபிக்கோ ஒரு பழைய சேதத்தின் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. ஒப்பந்தம் நீட்டுமுன் கிளப் மருத்துவரிடம் “எத்தனை நாள் வெளியே இருந்தார்?” என்று மட்டும் கேட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. “ஒவ்வொரு முறையும் ஏன் வெளியே போனார்?” என்று கேட்டால் தெரியும்.

ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆளை எடுக்க முடியாதா? — வாசகி, தூத்துக்குடி

இங்கிலாந்தில் அவ்வளவு சுலபமில்லை. அங்குள்ள முதல் பிரிவான பிரீமியர் லீகின் மாதிரி ஒப்பந்தப்படி, ஆடும்போது காயம்பட்டவருக்கு முதல் 18 மாதம் முழு அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் பாதி. தொடர்ந்த 20 மாதங்களில் 18 மாதம் அவர் ஆட முடியாமல் இருந்தால்தான் கிளப் அவரை விலக்க நோட்டீஸ் கொடுக்கலாம். ஆட்டத்தில் வந்த காயமென்றால் அந்த நோட்டீஸ் காலமே 12 மாதம். ஒரு மாதம் ஆடுவார், இரண்டு மாதம் படுப்பார் என்கிற ரகத்தைச் சேர்ந்தவர் இந்தப் பிரிவுக்குள் சிக்கவே மாட்டார். தொல்லை தருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ரகம்தான்.

கணக்குப் புத்தகம் இன்னொரு விலங்கு. 5 கோடி பவுண்டு கொடுத்து ஐந்து வருட ஒப்பந்தத்தில் ஒருவரை எடுத்தால், கிளப் வருடத்துக்கு 1 கோடி என்று செலவெழுதும். மூன்று வருடம் கழித்து அவர் புத்தக மதிப்பு 2 கோடி. 80 லட்சத்துக்கு விற்றால் அந்த வருடமே 1.2 கோடி நஷ்டம். சும்மா அனுப்பினால் 2 கோடியும் ஒரே அடியில் விழும், மீதிச் சம்பளத்துக்கும் பேரம் பேசி ஏதாவது கொடுத்தாக வேண்டும். வாரம் 1 லட்சம் பவுண்டு வாங்குகிறவர் என்றால் வருடத்துக்கு 52 லட்சம். கிளப்புகளின் நஷ்டத்துக்கும் செலவுக்கும் வரம்பு போடும் நிதி விதிகளில் மாட்டிக்கொள்ளும் பயத்தில் இருக்கும் கிளப் அவரை வைத்துக்கொண்டு தவணை கட்டவே விரும்பும்.

உத்தேசமாகச் சொன்னால், மிச்சம் ஒரு வருடம் என்றால் பொறுத்துக்கொள்வது மலிவு. மூன்று வருடம் இருந்தால் நஷ்டத்தோடு விற்பது மலிவு. வாங்க ஆள் வேண்டுமே என்பீர்கள். அதுதான் வில்லங்கம், எதிர்க் கிளப்பின் மருத்துவரும் அதே ஸ்கேனைத்தான் பார்ப்பார்.

பிரீமியர் லீகில் கிளப் பதிவுசெய்ய வேண்டிய 25 பேர் பட்டியலையும் மறக்க வேண்டாம். 21 வயதுக்கு மேற்பட்டவரெல்லாம் அதில் ஓர் இடத்தைப் பிடிப்பார்கள். செப்டம்பரில் காயக்காரரை விட்டுவிட்டால் அவர் அக்டோபரில் குணமானாலும் லீகில் இறங்க முடியாது, ஜனவரியில் பட்டியல் மாறும்வரை காத்திருக்க வேண்டும்.

லெட்லி கிங் பயிற்சியே செய்யாமல் ஆடினார் என்கிறார்கள். நிஜமா? — வாசகர், சேலம்

நிஜம். இந்தத் தலைப்பில் எங்களுக்கு மிகவும் பிடித்த உதாரணமும் அவர்தான்.

லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமின் நடுத்தடுப்பாளர், அணித்தலைவர். ஒரு முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்தே போயிருந்தது, எலும்போடு எலும்பு உரசும். ஆட்டம் முடிந்தால் முழங்கால் வீங்கும், வீக்கம் வடிய நாட்கள் பிடிக்கும். அதனால் வாரத்தில் அணியோடு சேர்ந்து பந்துப் பயிற்சி கிடையாது. நீச்சல் குளம், ஜிம், ஐஸ், பிறகு நேராக ஆட்டம். தண்ணீரில் உடல் எடை முழங்காலில் விழாது, மூச்சும் தசையும் மட்டும் வேலை செய்யும் என்பதுதான் சூத்திரம்.

இப்படி ஆடித்தான் 2008-இல் வெம்ப்ளியில் செல்சியை 2-1 என்று வென்ற லீக் கோப்பையைக் கையில் தூக்கினார். 2009-10-இல் 38-இல் 20 லீக் ஆட்டங்கள் ஆடினார். டாட்டன்ஹாம் நான்காவதாக வந்து, ஐரோப்பாவின் முன்னணிக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்குள் நுழைந்தது.

அவரை வைத்துக்கொண்டது ஏன் பலித்தது? காயம் ஒரே இடத்தில் இருந்தது, அதன் நடத்தை எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு ஆடினால் புதன் ஆட மாட்டார் என்று மேனேஜர் முன்கூட்டியே இன்னொருவரைத் தயார் செய்யலாம். அவருடைய இடமும் தோதானது. ஆட்டத்தை முன்கூட்டிப் படித்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிற தடுப்பாளருக்குத் தினசரிப் பயிற்சி இல்லாமல் ஓரளவு ஓட்டலாம். மைதானத்தின் ஓரத்தில் பறக்கிற விங்கருக்கு (ஓர முன்கள வீரருக்கு) அது நடக்காது.

இதற்கும் ஒரு விலை உண்டு. 2010 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு எதிரான முதல் ஆட்டத்தின் இடைவேளையிலேயே அவர் வெளியேறினார். முழங்கால் அல்ல, தொடை இடுக்குத் தசை. வாரம் முழுக்க வேகமாக ஓடாத உடம்பு ஆட்டத்தன்று திடீரென முழு வேகத்துக்குப் போனால் கண்டம் தசைக்குத்தான். 2012-இல் ஓய்வு பெற்றார்.

ஹாம்ஸ்ட்ரிங் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது? மாவட்ட லீகில் ஆடுகிற எங்களுக்கும் இதே தொல்லைதான். — வாசகர், திண்டுக்கல்

தொடையின் பின்பக்கத் தசை அறுவது பெரும்பாலும் முழு ஓட்டத்தில், முன்னால் வீசிய கால் தரையில் படுமுன். முழங்கால் நீள்கிறது, நீளும் அதே நொடியில் அதற்கு பிரேக் போடுவதும் இந்தத் தசைதான். நீண்டுகொண்டே இறுகவேண்டிய அந்தக் கணத்தில், தசை தசைநாரோடு சேரும் இடத்தில் இழை கிழிகிறது.

வலி சீக்கிரம் போய்விடுவதுதான் பொறி. ஒரு வாரத்தில் நடக்கலாம், இரண்டு வாரத்தில் மெதுவாக ஓடலாம். “சரியாயிடுச்சு” என்று ஆள் வந்து நிற்பார். ஆனால் மெதுவோட்டம் அந்தத் தசையைச் சோதிப்பதே இல்லை. ஆட்டத்தில் ஒரு நீண்ட பந்தைத் துரத்தும்போதுதான் முதல் சோதனை, அங்கேயே மறுபடி கிழியும். கிழிசல் தசைநாருக்குள் போயிருந்தால் இன்னும் மோசம், அந்த வகை ஆறவும் தாமதம், திரும்ப வரவும் முந்தும். ஐரோப்பியக் கிளப்புகளை 2001 முதல் கவனித்துவரும் யுஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) ஆய்வில், மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பங்கு 12 சதவீதத்திலிருந்து 24-க்கு ஏறியிருக்கிறது. அதே ஆய்வின்படி 25 பேர் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் சுமார் 50 காயம் சகஜம்.

திரும்ப இறக்குமுன் பார்க்கவேண்டியவை: காயம்பட்ட இடத்தை விரலால் அழுத்தினால் வலி கூடாது, மல்லாந்து படுத்துக் காலை நேராகத் தூக்கினால் இரு கால்களும் ஒரே உயரம் வரவேண்டும், பலத்தில் இரு கால்களுக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது, முழு வேக ஓட்டங்கள் பலமுறை, வெவ்வேறு நாட்களில், பயமின்றி ஓடியிருக்க வேண்டும். பெரிய கிளப்புகளில் ஜிபிஎஸ் பனியன் மணிக்கு 25.2 கிலோமீட்டருக்கு மேல் எத்தனை மீட்டர் ஓடினார் என்று சொல்லும். உங்களிடம் ஸ்டாப்வாட்ச் போதும். காயத்துக்கு முன் 30 மீட்டருக்கு ஆன நேரத்தைச் சீசன் தொடக்கத்திலேயே குறித்து வையுங்கள். குறிக்காதவர்கள்தான் பின்னால் குத்துமதிப்பில் ஆளை இறக்குகிறார்கள்.

வருமுன் காக்க நார்டிக் பயிற்சி. மண்டியிட்டு நில்லுங்கள், பின்னால் ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், முழங்காலிலிருந்து தலைவரை ஒரே கோடாக, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்காத இடத்தில் கைகளை ஊன்றி விழுந்து, கைகளால் தள்ளி எழுங்கள். முதல் வாரம் ஒரு நாள், 5 முறை வீதம் 2 சுற்று. இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 முறை வீதம் 2 சுற்று. மூன்றாம் வாரம் மூன்று நாள், 6 முதல் 8 முறை வீதம் 3 சுற்று. நான்காம் வாரம் அதே மூன்று நாள், 8 முதல் 10 முறை. ஐந்திலிருந்து பத்தாம் வாரம்வரை 12, 10, 8 என மூன்று சுற்று. ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம். முதல் இரண்டு வாரம் தொடை பிடித்துக்கொள்ளும். அந்தப் பயத்தில் பாதியில் விடுபவர்களே அதிகம். ஒழுங்காகச் செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பிரெஞ்சு விங்கர் டெம்பெலேயை ஸ்பெயின் கிளப்பான பார்சலோனா விட்டது பெரிய தவறுதானே? — வாசகி, புதுச்சேரி

பின்னோக்கிப் பார்த்தால் எல்லோரும் ஜோசியர்தான். 2017-இல் 10.5 கோடி யூரோவும் கூடுதல் தொகைகளும் பேசி அவரை எடுத்தார்கள். வந்து ஒரு மாதம் ஆகுமுன்பே, கெட்டாஃபே ஆட்டத்தில் தொடைத் தசைநார் அறுந்து பின்லாந்தில் அறுவை சிகிச்சை. 2020 பிப்ரவரியில் மீண்டும் தொடை, மீண்டும் பின்லாந்து. அப்போது நீண்ட நாள் காயத்துக்கு மாற்று ஆளெடுக்க விடும் ஸ்பெயினின் அவசர விதியைப் பயன்படுத்தி, வீரர் சந்தை மூடிய பிறகும் லெகானெஸ் அணியின் பிரேத்வெய்ட்டை 1.8 கோடி யூரோவுக்குப் பார்சலோனா தூக்கியது. லெகானெஸுக்கு மாற்று ஆளெடுக்க விதி இடம் தரவில்லை. அந்த சீசனில் அவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். ஒரு கிளப்பின் காயம் இன்னொரு கிளப்பின் தலையில் விடிந்தது.

2022-இல் ஒப்பந்தம் முடிந்தபோது பார்சலோனா செய்தது சரியான காரியம்: குறைந்த சம்பளத்தில் இரண்டே வருடம். பிசகியது 2023-இல், அவர் தொடர்ந்து ஆடத் தொடங்கியபின், சுமார் 5 கோடி யூரோவுக்கு பிஎஸ்ஜி என்ற பாரிஸ் கிளப்புக்குப் போகவிடும்படி ஒப்பந்தத்தில் கதவு திறந்திருந்தபோது. பிஎஸ்ஜியில் பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே அவரை ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றினார். 2025-இல் சாம்பியன்ஸ் லீகும், உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டோர் விருதும் வந்தன. இருபதில் அடிக்கடி கிழிகிற தசை இருபத்தேழில் நிலைப்படலாம். பழக்கம், தூக்கம், சாப்பாடு, ஆடுமிடம் எல்லாம் மாறுகின்றன. இருபத்தொன்பதில் தொடங்குகிற தொல்லைக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

தேசிய அணிக்கு ஆடிக் காயம்பட்டால் சம்பளம் யார் கொடுப்பது? — வாசகர், காரைக்கால்

கிளப்தான் கொடுக்கும். 2012-லிருந்து ஃபிஃபா ஒரு காப்பீட்டுத் திட்டம் வைத்திருக்கிறது: முதல் 28 நாள் கிளப்பின் பாடு, அதற்குமேல் நாளொன்றுக்கு அதிகபட்சம் 20,548 யூரோ, ஒரு வருடம்வரை. ஆறு வாரம் வெளியே இருந்தால் கிளப்புக்குக் கிடைப்பது 14 நாளுக்கு, உச்சபட்சம் 2,87,672 யூரோ. வான் பெர்சி 2009-இல் படுத்தபோது இந்தத் திட்டமே இல்லை.

கடைசியாக: நீங்கள் நிர்வாகியாக இருந்தால்? — வாசகர், ஈரோடு

அடிக்கடி காயம்படும் வீரரை வைத்துக்கொள்வோம், முதல் பதினொருவரில் ஒருவராகக் கணக்குப் போடமாட்டோம். அவர் இடத்துக்கு நம்பகமான ஆளை எடுத்த பிறகுதான் அவர் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சு. முப்பதை நெருங்குபவருக்கு ஒரு வருடம், கிளப் விரும்பினால் மேலும் ஒரு வருடம். அடிப்படைச் சம்பளம் பாதி, மீதி இறங்கிய ஆட்டத்துக்கு இவ்வளவு என்று. 2011-இல் தடுப்பாளர் ஜொனாதன் உட்கேட்டுக்கு ஸ்டோக் கிளப் கொடுத்தது இந்த வகைதான்.

வீரர் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்ற கேள்வி எழும். 2018-இல் ஆர்சனலின் நடுக்கள வீரர் ஜாக் வில்ஷேர் குறைந்த தொகைக்குக்கூட இசைந்திருந்தார். வாய்ப்புக் குறையும் என்று தெரிந்ததும் ஆர்சனலை விட்டு வெஸ்ட் ஹாமில் மூன்று வருடத்துக்குக் கையெழுத்திட்டார். 2020 அக்டோபரிலேயே இரு தரப்பும் பேசி அதை முடித்துக்கொண்டார்கள்.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. கிளப்புக்காக ஆடி நாசமான காலுக்குச் சிகிச்சை முடியும்வரை கிளப் கூட நிற்கவேண்டும். 2016 அக்டோபருக்குப் பின் ஆர்சனலுக்காக ஆடாத சாந்தி கசோர்லாவின் குதிகால் நாணில் கிருமி 8 சென்டிமீட்டரை அரித்துவிட்டது. முன்கையிலிருந்து தோலெடுத்துக் கணுக்காலில் ஒட்டினார்கள். அதற்கு முன்பே, அவர் காயத்தில் கிடந்தபோதே, ஒப்பந்தத்தில் தனக்கிருந்த நீட்டிப்பு உரிமையைப் பயன்படுத்தி ஆர்சனல் அதை 2018 வரை நீட்டியிருந்தது. 2018-இல் அவர் ஸ்பெயினின் வில்லாரியலுக்குப் போனார். 2019-20-இல் அந்நாட்டு முதல் பிரிவான லா லிகாவில் 11 கோல்.