மாய் டாய் ஏன் ஜூஸ் மாதிரி இனிக்கிறது?

டிக்கி பாரில் (பசிபிக் தீவு பாணியில் அலங்கரித்த பார்) குடித்த மாய் டாய் என்ற ரம் காக்டெயிலை வீட்டில் செய்தால் வெறும் அன்னாசி ஜூஸாக இனிக்கிறது என்கிறீர்கள். அன்னாசிதான் வில்லன். 1944-இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் பார் உரிமையாளர் டிரேடர் விக், தான் கலக்கியதாகச் சொன்ன செய்முறையில் அது கிடையவே கிடையாது. 1950களில் ஹவாய் ஓட்டல்களுக்குப் போனபிறகு ஒட்டிக்கொண்டது.

நல்ல பழுப்பு ரம் 60 மில்லி, ஆரஞ்சுத் தோல் மணமுள்ள மதுவான குராசோ 15, ஓர்ஜா எனும் பாதாம் சிரப் 15, சர்க்கரைப் பாகு 7, அப்போதே பிழிந்த எலுமிச்சைச் சாறு 30. பெரிய மஞ்சள் லெமன் வேண்டாம், நம்மூர்ச் சின்ன எலுமிச்சை போதும். உடைத்த ஐஸோடு குலுக்குங்கள். பாட்டில் சாறு என்றால் செய்யாமலே இருக்கலாம்!

அப்புறம், பிழிந்த எலுமிச்சை மூடியைக் கிளாசில் கவிழ்த்து, புதினாவை உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டி, ஸ்ட்ராவுக்குப் பக்கத்தில் செருகுங்கள். உறிஞ்சும்போது மூக்கில் ஏறும் அந்த வாசம்தான் பாதி ருசி.