எது பெரிய விமான நிலையம்? கோத்தகிரியிலிருந்து ஒரு பதில்

"ஒரு நாட்டில் எந்தெந்த விமான நிலையங்களைப் பெரியவை என்று கணக்கில் சேர்ப்பது? பயணிகள் எண்ணிக்கை போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் வேலை என்னுடையது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நம் நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. விமான நிலையக் கட்டணங்களை ஒழுங்குபடுத்த ஓர் ஆணையம் அமைத்த 2008-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு 15 லட்சம் பயணிகளைத் தாண்டினால் அது முக்கிய விமான நிலையம் என்றது. ஆணையத்தின் வேலைப்பளுவைக் குறைக்க 2019-இல் அந்த எல்லையை 35 லட்சமாக உயர்த்தினார்கள். கோவையில் 2018-19-இல் சுமார் 30 லட்சம் பேர் வந்துபோனார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், பழைய கோட்டுக்கு மேலே இருந்த ஊர் புதிய கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஒரு விமானம்கூடக் குறையவில்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு பல நிலையங்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாகவும் முக்கியம் என்று அறிவிக்கலாம். டிக்கெட்டில் யூடிஎஃப் என்று, விமான நிலையத்தைப் பயன்படுத்துவதற்கான கட்டணமாக ஒரு தொகை வருமே, அதையெல்லாம் யார் நிர்ணயிப்பது என்று பிரிப்பதற்கான கோடு இது. ஊரின் முக்கியத்துவத்தை அளக்க வரைந்ததல்ல.

அமெரிக்காவில் வேறு வழி. நாட்டின் மொத்த விமானப் பயணிகளில் 1 சதவீதமாவது ஒரு நிலையத்தில் ஏறினால் அது பெரியது. நாடு வளர வளர அளவுகோலும் கூடவே வளரும் என்பதால் எனக்கு இது நேர்மையாகப் படுகிறது.

ஆனால் இரண்டிலுமே திருச்சி அடிபட்டுப் போகும். மொத்தப் பயணிகளில் கோவையைவிடச் சிறியது. வெளிநாட்டுப் பயணிகளில் கோவையைவிடப் பல மடங்கு பெரியது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா என்று பாதி தமிழ்நாட்டின் வாசல் அது.

எங்கள் வீட்டு விஷயத்தையே சொல்கிறேன். அம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்றுக்கொள்ள இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்த குடும்பம். இங்கே கோத்தகிரி, குன்னூர், கூடலூர் எங்கும் இப்படிப்பட்டவர்கள் நிறைய. பெரியம்மாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். போன முறை அம்மாவை அனுப்பக் கொழும்புக்கு டிக்கெட் பார்த்தபோது, மலை இறங்கினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இருக்கும் கோவையிலிருந்து நேரடி விமானம் இல்லை. சென்னை சுற்றிப் போகச் சொன்னது. அந்த வயதில் அந்த அலைச்சல் வேண்டாம் என்று விடியற்காலையிலேயே காரில் கிளம்பி, கரூர் வழியாகத் திருச்சி போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துப் பறத்தல்தான், அப்புறம் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்க.

பட்டியல் போடுவதாக இருந்தால் மொத்தப் பயணிகளுக்கு ஒரு நெடுவரிசை, வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஒரு நெடுவரிசை, அதே விமானம் கிடைக்கும் அடுத்த நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு ஒரு நெடுவரிசை என்று மூன்றாகப் போடுங்கள். ஏதாவது ஒன்றில் முன்னே நின்றாலும் சேர்த்துக்கொள்ளலாம். கோவையை எழுதும் இடத்தில் திருச்சியையும் எழுதுங்கள்.