உலகமயமாக்கலால் மாம்பழ விவசாயிக்கு உண்மையிலேயே லாபம் உண்டா?

உண்டு, ஆனால் சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க முடிந்தவருக்குத்தான் அதில் பெரும்பங்கு. எங்கள் தோப்பு காவேரிப்பட்டினம் பக்கம், அதனால் கிருஷ்ணகிரி மாங்கூழை வைத்தே சொல்கிறேன்.

கூழ் ஆலைகள் அதிகம் கேட்பது பெங்களூரா ரக மாம்பழம், அதாவது தோத்தாபுரி. சாப்பிடச் சுமார்தான் (எங்கள் வீட்டில் ஊறுகாய்க்கு மட்டும்தான் அதைத் தொடுவோம்), ஆனால் கூழுக்கு அதுதான் ராஜா. சுமார் 2 கிலோ பழத்துக்கு 1 கிலோ கூழ். அதைக் கிருமி நீக்கிய பையில் அடைத்து, 200 கிலோவுக்கு மேல் பிடிக்கும் இரும்பு டிரம்மில் வைத்து சவுதி, ஏமன், நெதர்லாந்து என்று அனுப்புகிறார்கள்.

டிரம்முக்குள் போன கூழ் ஒன்றரை வருடம்கூடக் கெடாமல் இருக்கும், மரத்தில் முற்றிய காய் அப்படி நிற்குமா? 2023 கடைசியில் ஏமனின் ஹவுதி படையினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும் ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின, வாடகை எகிறியது. இப்படி ஏதாவது வந்து வெளிநாட்டுக்காரர் ஆர்டரைத் தள்ளிப்போட்டால் ஆலைக்காரர் குடோனில் டிரம் தேங்கும், தேங்கினால் அடுத்த சீசனில் அவர் வாங்குவதைக் குறைப்பார், நாமோ கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். ஆலைக்காரருக்கும் வங்கி வட்டி ஏறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது, நமக்குச் சில நாள்.

2025இல் அதுதான் நடந்தது. பழைய கூழ் தேங்கிக் கிடக்க, காய்ப்பும் அமோகம். ஆந்திராவில் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கட்டும் என்று ஆலை 8, அரசு 4 எனப் பிரித்தார்கள். கூடவே ஜூன் மாதம் சித்தூர் மாவட்டத்துக்குள் வெளிமாநிலத் தோத்தாபுரி வரக் கூடாது என்று தடையும் போட்டார்கள். நம் பக்கத்துக் காயும் அந்த ஆலைகளுக்குப் போகும். கூழுக்கு நெதர்லாந்து வரை வழி திறந்திருந்தது, காய்க்கோ எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குப்பம் தாண்ட வழியில்லாமல் போனது!

அதற்காக ஏற்றுமதியே வேண்டாம் என்பவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. கூழ் இல்லாவிட்டால் இத்தனை பெங்களூராவை யார் வாங்குவார்? தக்காளி மாதிரி அடுத்த போகத்துக்கு மாற்றி நடவும் முடியாது. அதனால்தான் இங்கே பலர் பூ எடுக்கும்போதே தோப்பை வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுகிறார்கள். பணம் குறைவு, ஆனால் விலை விழுந்தால் அது வியாபாரி பாடு.