'கின்ஸ்மென்' ஆல்பத்தில் இரண்டு சாக்ஸபோன்களைப் பிரித்து ரசிப்பது எப்படி?

கர்நாடக இசைக் கலைஞர் கத்ரி கோபால்நாத்தும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்து 2008இல் வந்த ஆல்பம் இது. இருவர் கையிலும் ஆல்டோ சாக்ஸபோன்தான், அதனால் குழம்புவது இயல்பே.

ஸ்வரத்துக்குள் எப்படி நுழைகிறார்கள் என்று கவனியுங்கள். கத்ரி கீழிருந்து வழுக்கி ஏறி ஸ்வரத்தைத் தொடுவார். ஒரு ஸ்வரத்தில் நின்றாலும் அது அசைந்துகொண்டே இருக்கும். மகந்தப்பாவின் ஸ்வரங்கள் நாக்கால் வெட்டியதுபோல் தனித்தனியாக, கூர்மையாக விழும்.

ஸ்வரத்தை இப்படி வழுக்கி, அசைத்து வாசிப்பதுதான் கமகம்; சாக்ஸபோனில் அது எளிதல்ல. நாதஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடலாம். இதில் சாவிகளும் மூடிகளும்தான். உதட்டையும் தாடையையும் தளர்த்தினால் சுருதி கொஞ்சம் கீழே இறங்கும், இறுக்கினால் மேலே போவது மிகக் குறைவு. கீழ் ஸ்தாயியில் இந்த வளைவு இன்னும் சிரமம். இவ்வளவையும் மீறிக் கல்யாணி ராகத்தின் பிரதி மத்யமம் (உயர்ந்த 'ம' ஸ்வரம்) அசைவதுதான் கத்ரியின் சாதனை!

இடையிடையே வரும் சிறு ஆலாபனைகளை (தாளமில்லாத ராக விரிவுகளை) தாண்டிப் போகாதீர்கள். ஒவ்வொரு கலைஞரின் குரலையும் தனியே அறிமுகப்படுத்துபவை அவை. வயலின் கலைஞர் கன்யாகுமரியின் ஆலாபனையும் அப்படித்தான். முதலில் அவற்றைக் கேட்டுவிட்டுப் பெரிய உருப்படிகளுக்கு வாருங்கள்.

போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். பேஸ் வாத்தியமும் மிருதங்கத்தின் தொப்பியும் (கனத்த ஒலி தரும் இடப்பக்கம்) அமுங்கி, தாள உரையாடல் பாதி போய்விடும்.